நடப்போரும் மிதிப்போரும்



வீடு ஒருவருக்கு உரியது. வயல் ஒருவருக்கு உரியது. வழி எல்லார்க்கும் உரியது. தமக்கே உரிய பொருளை மக்கள் பேணுவதில் வியப்பில்லை. எல்லார்க்கும் உரிய பொருளை எவ்வாறு பேணுகின்றனர் என்பதைக் கொண்டே ஓர் ஊரின் பண்பை அளக்கலாம். மலைமேல், பைன் மரத் தோப்பின் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையில் கால்நடையாகச் செல்வோரும் மிதிவண்டியில் செல்வோரும் எவ்வாறு ஒத்து நடக்கலாம் என்பதே இன்று என் பேச்சின் பொருள்.

‘அம்மாபேட்டையில் இருப்பவருக்குப் பைன் மரம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நம் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுமே மிகுதி. ஆயினும் கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போகும் குடும்பங்கள் நம் ஊரில் பல. மேலும், இருபது கொண்டை ஊசி வளைவுகள் உடைய ஏற்காட்டுப் பாதையில் மிதிவண்டி ஏறும் இளைஞரை நாம் காண்கிறோம். அவ்விளைஞர் நாளை எந்த மலையிலும் ஏறுவர். ஆகவே இது நம்மவர் செய்தியே.

கொடைக்கானலில் பைன் மரங்களை நட்டு வளர்க்கும் முயற்சியை 1906-ஆம் ஆண்டில் தொடங்கியவர் பிரயண்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி. மரத்தின் பயன் கருதி நட்டவை அவை. அத்தோப்பினுள் நடந்தவர்க்கு அதன் இயல்பு தெரியும். மரங்கள் நெடிது உயர்ந்து நிற்கும். அடியில் செடி கொடிகள் குறைவு. உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோலப் படிந்து கிடக்கும். காலடி ஓசை கேளாது. அந்த அமைதியே நடப்பவருக்கு இன்பம்; அதுவே அவருக்கு இடரும் ஆகும். ஏனெனில், பின்னால் வரும் மிதிவண்டியின் ஓசையும் கேளாது. ஈரம் பட்ட ஊசியிலைமேல் சக்கரமும் வழுக்கும், செருப்பும் வழுக்கும்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். நாற்பதாண்டுக் காலம் கரும்பலகையின்முன் நின்றவனுக்குக் கணக்கில்லாமல் பேச வராது. மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கடக்கிறார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் மிதிவண்டி அதே விநாடியில் ஐந்தரை மீட்டர் கடக்கிறது. ஆளைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி ஆகுமெனில், பிடிப்பதற்கு முன்பே ஐந்தரை மீட்டர் போய்விடும். பிடித்த பின்னரும் வண்டி உடனே நில்லாது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்த பின் அது ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். வளைவுக்கு அப்பால் மூன்று மீட்டரில் ஒரு முதியவர் நின்றால் என்ன ஆகும்? விழுந்த இளைஞன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வான். என் வயதினர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பின்னர்க் கோலின்றி நடப்பது அரிது. ஆகவே, கண் எட்டும் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகமே தக்க வேகம் என்பது இதன் விடை.

மலை மிதிவண்டி விளையாட்டு பிறந்த கதையிலும் ஒரு பாடம் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில இளைஞர் பழைய கனத்த மிதிவண்டிகளைச் செப்பனிட்டு, மலையின் மண்பாதையில் இறங்கி ஓட்டினர். 1976-இல் பந்தயமும் தொடங்கினர். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்துப் பிரேக்கின் மசகு வெந்து புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மசகைப் புதிதாக அடைக்க வேண்டும். அவ்விளையாட்டு பெருகவே, நடப்போரும் குதிரை ஏறுவோரும் முறையிட்டனர். பல பாதைகள் மிதிவண்டிக்கு அடைபட்டன. அதன் பின்னரே, 1988-இல், ஓட்டுவோர் தாமே ஒரு சங்கம் கண்டு ஒழுக்க விதிகளை வகுத்தனர். நடப்பவருக்கு வழிவிடுக, வேகத்தை அடக்குக, பாதையைச் சிதைக்காதே என்பன அவ்விதிகளின் சாரம். ஒழுக்கம் இருந்த அளவே உரிமையும் நிலைத்தது. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், குதிரைப் பாதைகளில் மிதிவண்டி செல்ல இசைவு தந்தது. தந்தபோதே, நடப்போர்க்கும் குதிரை ஏறுவோர்க்கும் வழிவிட வேண்டும் என்று கட்டளையும் இட்டது.

நம் நாட்டிற்கும் இக்கருத்து புதிதன்று. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மோட்டார் வண்டிகளுக்கு 1989-இல் வகுத்த சாலை விதி. ஏறுபவனின் உழைப்பை மதிக்கும் விதி அது. கொடைக்கானலிலேயே இரு முறைகளையும் காணலாம். 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் நடைபாதை நடப்பவர்க்கே உரியது. ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர்ச் சாலையிலோ நடப்போரும், வாடகை மிதிவண்டியினரும், குதிரைகளும் கலந்து செல்கின்றனர். இடம் உள்ள இடத்தில் பிரித்து வைப்பது அறிவு. இல்லாத இடத்தில் பகிர்ந்துகொள்வது பண்பு.

பகிர்தல் நெசவாளர் ஊராகிய நமக்குக் கற்பிக்க வேண்டியதும் இல்லை. பாவு நீட்டிய தெருவில் வருபவர் என்ன செய்வார்? மிதிவண்டியை விட்டு இறங்குவார். உருட்டிக்கொண்டு ஓரமாகப் போவார். இழை அறுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்பு அறும் என்பது சிறுவனுக்கும் தெரியும். பாவு நீட்டுபவரும் தெருவை நாள் முழுதும் அடைத்துவைப்பதில்லை. வேலை முடிந்ததும் சுருட்டிக்கொள்வார். இதற்குச் சட்டமும் இல்லை, காவலரும் இல்லை. அந்தத் தெரு ஒழுக்கத்தை மலைமேல் கொண்டுசெல்வதே நாம் செய்ய வேண்டுவது.

ஓட்டும் இளைஞர்களே! வளைவுக்கு முன் மணி அடியுங்கள். ஆளைக் கண்டால் வேகம் குறைத்து, ஒரு சொல் கூறி, அவர் ஒதுங்கிய பின் கடந்து செல்லுங்கள். மழை நாளில் மண்பாதையைத் தவிருங்கள். ஈர மண்ணில் சக்கரம் கீறிய தடமே அடுத்த மழைக்கு வாய்க்காலாகும், வேர்கள் வெளிப்படும், பாதை அழியும். காப்புக் காட்டில் அனுமதியின்றி நுழையாதீர்கள்.

நடக்கும் அன்பர்களே! நமக்கும் கடமை உண்டு. நால்வர் ஐவர் கைகோத்துப் பாதையை அடைத்து நடவாதீர்கள். காதில் பாட்டுக் கருவியைச் செருகிக்கொண்டு, மணி கேட்கவில்லை என்று சினவாதீர்கள். குழந்தையின் கையைப் பற்றியிருங்கள். வழிவிட்ட இளைஞனுக்கு ஒரு புன்னகை தாருங்கள். அடுத்தவருக்கும் அவன் வழிவிடுவான்.

உலர்ந்த ஊசியிலை எளிதில் தீப்பற்றும். ஆதலால் புகைப்பதும் அடுப்பு மூட்டுவதும் இருவர்க்கும் ஆகாது.

பைன் மரம் நம் மண்ணுக்கு அயலானது. அதை நீக்கிச் சோலைக் காட்டை மீட்க வேண்டும் என்ற கருத்தும் இன்று வலுத்து வருகிறது. நாளை அங்கே வேறு மரங்கள் நிற்கலாம். எம்மரத்தின் நிழலாயினும், அதனூடே ஒரு பாதை இருக்கும். அதில் முதியவரும் இளையவரும் எதிரெதிரே வருவர். அப்போது யார் முதலில் ஒதுங்குவது என்று கேட்க வேண்டியதில்லை. வலிமை உடையவர் ஒதுங்குக. வேகம் உடையவர் நிற்க.