வெட்கத்தால் மறைத்த புண்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறோம். அது மலக்குடல் புண். எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் உண்டு. எந்த மொழியிலும் இதைச் சொல்ல வாய் வருவதில்லை.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பிக்கு இரண்டு வருஷமாக மலத்தோடு இரத்தமும் சளியும் போயிற்று. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ‘மூலம், பவுத்திரம்’ என்று சுவரில் எழுதியிருந்த இடத்தில் பொடி வாங்கிச் சாப்பிட்டார். இரத்தம் குறைந்து சோர்ந்துபோய்த்தான் வார்டுக்கு வந்தார். எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இது கேன்சர்தானே?” என்றார்.

டாக்டர்கள் விரலால் சோதித்து, குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, சிறு சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை. அமீபா, காசநோய், குடல் அழற்சி ஆகியவற்றாலும் புண் வரலாம்; ஆகவே இந்தப் பரிசோதனை அவசியம். அவருக்கு வந்தது நெடுநேரம் முக்குவதால் வரும் புண். தளரவேண்டிய தசை இறுகி, குடலின் உட்சுவர் சரிந்து நசுங்கி, அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மாடிகனும் மோர்சனும் 1969-ல் 68 நோயாளிகளை ஆராய்ந்து இந்த நோயின் தன்மைகளை விவரித்தார்கள். ‘தனிப்புண்’ என்று பெயர். ஆனால் சிலருக்குப் பல புண்கள் இருக்கும்.

சிகிச்சை பெரும்பாலும் எளிது, பொறுமைதான் வேண்டும். தண்ணீர், கீரை, நம் ஊர்க் கேழ்வரகுக் களி, இசப்கோல் ஆகியவை உதவும். முக்கக் கூடாது, விரல் விட்டு எடுக்கக் கூடாது, செல்போனோடு கழிப்பறையில் உட்காரக் கூடாது. தசையைத் தளர்த்தப் பயிற்சி உண்டு. ஆறாவிட்டால் சுக்ரால்ஃபேட் எனிமா. குடல் வெளியே இறங்கினால் சிலருக்கு அறுவை சிகிச்சை.

சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்குள்ள ஸ்திரீயும் கூட்டத்தில் ஒளிந்தே வந்தாள். ஆண்டவர் அவளை வெட்கப்படுத்தவில்லை. மகளே என்று அழைத்தார். நோயாளியின் கட்டிலருகே நாங்கள் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

அந்தத் தம்பியின் பரிசோதனைச் செலவை உங்கள் காணிக்கைதான் ஏற்றது. மறுபரிசோதனைக்கு அவர் மனைவியோடு வந்தார். புண் முழுவதும் ஆறவில்லை. ஆனால் இரத்தம் நின்றிருந்தது.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது மலத்தில் இரத்தம் போனால், மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.