தவிட்டில் வளரும் பூஞ்சையும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று என் தவறு ஒன்றை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறேன். கல்வி உதவி கேட்டு வந்த மனுக்களில் ஒன்று, நுண்ணுயிரியல் முதுகலை படிக்கும் நம் ஊர்ப் பெண்பிள்ளையுடையது. ஆய்வுத் தலைப்பு என்ற இடத்தில் "கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து நொதி எடுத்தல்" என்று எழுதியிருந்தது. அந்த மனுவை ஒதுக்கி வைத்தவன் நான். "நர்சிங், பி.எட். என்றால் வேலை கிடைக்கும். பூசணம் வளர்க்க ஒரு படிப்பா?" என்று கமிட்டியில் சொன்னவனும் நான்தான்.

அந்தப் பிள்ளை தன் அத்தாவுடன் அலுவலகத்துக்கு வந்தது. "மாமா, உதவி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. பத்து நிமிஷம் நான் சொல்வதைக் கேளுங்கள்" என்றது. அன்று கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஒரு கவளம் வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. ஆகவே அது நொதிகளை வெளியே சுரந்து, தான் படர்ந்திருக்கும் பொருளை அங்கேயே கரைத்து உறிஞ்சுகிறது. அந்த நொதியை நாம் பிரித்து எடுத்துக்கொண்டால் அதுவே மருந்துக்கும் தொழிலுக்கும் பயன்படும் சரக்கு.

செய்முறையைக் கேளுங்கள். தவிட்டில் அளவாகத் தண்ணீர் தெளித்துப் பிசறுகிறார்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. பிரஷர் குக்கர் போன்ற பெரிய கலனில் அதை அவித்து, வேறு கிருமிகளைக் கொன்று, ஆறவிட்டுத் தேர்ந்தெடுத்த பூஞ்சையின் வித்துகளைத் தூவுகிறார்கள். தட்டுகளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, சுமார் 30 டிகிரி வெப்பத்தில் சில நாட்கள் வைக்கிறார்கள். பூஞ்சை வளரும்போது தானே சூடாகும். காற்றோட்டம் குறைந்தால் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். பதம் வந்ததும் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினால் நொதி நீரோடு வந்துவிடும்.

இது புதிதாக வந்த கலையுமில்லை. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோகிச்சி தகமினே என்பவர், கோதுமைத் தவிட்டில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையை வளர்த்து நொதி எடுக்கும் முறைக்கு 1894-இல் காப்புரிமை பெற்றார். சோயா சாஸ் செய்ய ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துவந்த பூஞ்சை அது. அந்த நொதி 'டாக்கா டயஸ்டேஸ்' என்ற பெயரில் செரிமான மருந்தாக விற்பனையானது. இன்றும் நம் மருந்துக் கடைகளில் செரிமான சிரப் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'ஃபங்கல் டயஸ்டேஸ்' என்று இருக்கும். நம் நாட்டில், மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இம்முறையில் நீண்ட காலம் ஆய்வு செய்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. காரணம் ஒரு பூஞ்சை. அதன் பெயர் டிரைக்கோடெர்மா ரீசி. கூடாரத்தைத் தின்ற அதே செல்லுலேஸ் நொதியால்தான் இன்று பின்னலாடைத் துணியின் பிசிறை நீக்கி மென்மையாக்குகிறார்கள். இந்தப் பூஞ்சை வைக்கோலிலும் வளரும். அறுவடை முடிந்து வயலில் கொளுத்துகிறோமே, அதே வைக்கோல்!

நம் வீட்டு அடுப்படிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. பாலாடைக்கட்டி செய்ய முற்காலத்தில் கன்றின் இரைப்பையிலிருந்து ரென்னெட் எடுத்தார்கள். அந்த வேலையை இன்று ரைசோமியூகர் மீஹை என்ற பூஞ்சையின் நொதியே செய்துவிடுகிறது. செரிமான மருந்துகளில் சேரும் பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. இதைக் கேட்டதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் கேட்பது வேறு. ஹலாலா ஹராமா என்று புட்டியைத் திருப்பிப் பார்க்கும் நாம், அதற்கு மாற்றுச் செய்யத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்கினோமா?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இதை வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். ஒரைசேயின் நெருங்கிய உறவான ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ், கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சை உண்டாக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பூசணம் பிடித்த புண்ணாக்கையும் தவிட்டையும் மாட்டுக்கு வைக்காதீர்கள். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

இதில் உடனே பணம் கொட்டும் என்றும் நான் சொல்லவில்லை. இன்று பெரும்பாலான நொதிகள் பெரிய எஃகுத் தொட்டிகளில், திரவத்தில் வளர்க்கப்படும் நுண்ணுயிர்களிலிருந்து வருகின்றன. தட்டு முறையில் ஆள்வேலை அதிகம். சூட்டைக் கட்டுப்படுத்துவதும் சிரமம். ஆனாலும் மருந்து, உணவு, துணி, காகிதம் என எத்தனையோ தொழில்களுக்கு நொதி வேண்டும். அந்த ஆய்வுக்கூடங்களில் வேலை பார்க்கப் படித்தவர்களும் வேண்டும்.

வீண்விரயம் கூடாது என்று மக்தபில் சிறுவயதிலேயே ஓதிக்கொடுத்தார்கள். நாம் அதைச் சோற்றுத் தட்டோடு நிறுத்திவிட்டோம். வைக்கோலை எரிப்பதும் விரயம்தான். படிக்கும் பெண்ணைப் பாதியில் நிறுத்துவது அதைவிடப் பெரிய விரயம். அதைத்தான் நான் செய்யவிருந்தேன்.

அந்த மனு ஏற்கப்பட்டு, இன்றைய பட்டியலில் சேர்ந்திருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எடுத்த பாடம் உங்களுக்குப் புரியாவிட்டால், மறுக்கும் முன் பத்து நிமிஷம் கேளுங்கள். இனி எங்கள் கமிட்டியும், இன்ஷா அல்லாஹ், மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்காமல் எந்த மனுவையும் ஒதுக்காது.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.