கண் நன்றாகத் தெரியும்போதே காட்டுங்கள்

நெற்பயிரில் நடுக்குருத்து காய்ந்திருந்தால், வரப்பில் நின்றபடியே தண்டுத் துளைப்பான் என்று சொல்லிவிடுவீர்கள். புழு தண்டுக்குள்ளே போய்ச் சில நாள் ஆன பிறகுதான் குருத்து காய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். சர்க்கரை வியாதி கண்ணைக் கெடுப்பதும் இந்த மாதிரிதான். வலி இருக்காது, கண் சிவக்காது. பார்வை மங்கும்போது உள்ளே பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

முகாம் ஒன்றுக்கு ஒரு பெரியவர் வந்தார். பத்து வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். "புரை விழுந்திருக்கு போல, ஆப்பரேஷன் பண்ணிவிடுங்க டாக்டர்" என்றார். பார்த்தால் புரை லேசாகத்தான் இருந்தது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்தபோது விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணில் போன பார்வையை மீட்க முடியவில்லை. இடது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றினோம். இரண்டு வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன்.

விழித்திரை என்பது கண்ணுக்குள்ளே பின்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிகவும் நுண்ணியவை. வருஷக்கணக்கில் சர்க்கரை கூடியே இருந்தால், நண்டு வளை வைத்த வரப்பு மாதிரி அவை கசிய ஆரம்பிக்கும். சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும். அப்போது புதுக் குழாய்கள் கிளைக்கும். புதுசு வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அவை பலமில்லாதவை. உடைந்து கண்ணுக்குள்ளே இரத்தத்தைக் கொட்டிவிடும். விழித்திரையை இழுத்துப் பெயர்த்தும் விடும்.

எத்தனை பேருக்கு இது வருகிறது? சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சென்னை நகரில் சர்க்கரை உள்ள 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2009-இல் வெளியிட்ட கணக்கில், 100-க்கு 18 பேருக்கு விழித்திரை பாதித்திருந்தது. பிறகு காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் பார்த்தார்கள். அங்கே 100-க்கு 10 பேர். பட்டணத்தை விடக் குறைச்சல்தானே என்று இருந்துவிட வேண்டாம். சர்க்கரை வந்து வருஷம் ஆக ஆகக் கண் பாதிப்பும் கூடும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. உங்கள் ஊரில் 200 பேருக்குச் சர்க்கரை இருந்தால், அந்தக் கிராமக் கணக்குப்படி சுமார் 20 பேருக்குக் கண்ணில் பாதிப்பு இருக்கும். அவர்களில் பல பேர் இன்றைக்கு ஊசியில் நூல் கோக்கிறவர்களாகக்கூட இருப்பார்கள்!

ஆகவே, சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு தடவை, பிறகு வருஷம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இந்தப் பரிசோதனை ஆகாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்தது. நல்ல காரியம். ஆனால் மாத்திரைதான் வருகிறதே என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருக்கிறவர்களைப் பார்க்கிறேன். சர்க்கரை உள்ள பெண்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் கண்ணைக் காட்ட வேண்டும். அந்தச் சமயத்தில் பாதிப்பு வேகமாகக் கூடலாம்.

சர்க்கரையோடு இரத்தக் கொதிப்பையும் கட்டுக்குள் வையுங்கள். பாகற்காய்ச் சாறு குடிப்பதை நான் தடுக்கவில்லை, அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். கசிவு இருந்தால் லேசர் உண்டு, கண்ணுக்குள் போடும் ஊசியும் உண்டு. ஊசி என்றதும் எழுந்து ஓட வேண்டாம், மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவார்கள். கண் முன்னால் திடீரென்று கறுப்பு நூலோ புகைக்கரியோ மிதப்பது போலத் தெரிந்தால் அன்றைக்கே புறப்படுங்கள்.

பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அதனால் நடவு, அறுப்பு இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாமல், கூட ஒரு ஆளை அழைத்து வாருங்கள். அவருக்கும் சர்க்கரை என்றால் அவர் கண்ணை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.