நோயாளியிடம் ராஜினாமா கேட்காதே!

(பஞ்சாலைப் பெண் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மார்பகப் புற்றுநோய் கண்ட தொழிலாளிப் பெண்ணுக்கு இரண்டு போராட்டங்கள். ஒன்று நோயோடு. அதற்கு டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. மற்றொன்று கூலி நின்றுபோன அடுப்போடு. அதற்கு யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டாவது போராட்டத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த நோய்க்கான வைத்தியம் பத்து நாளில் முடிவதல்ல. ஆபரேஷன் உண்டு. பலருக்கு அதன் முன்னோ பின்னோ, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று மாதக் கணக்கில் ஊசி மருந்து. பிறகு வாரக் கணக்கில் கதிர் சிகிச்சை. சிலருக்கு மேலும் ஓராண்டு ஊசி. பலருக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் மாத்திரை. அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கும். இந்த உடம்போடு எட்டு மணி நேரம் நின்று சைடு பார்க்க முடியுமா?

முடியாது என்பது நிர்வாகத்துக்கும் தெரியும். ஆகவே என்ன செய்கிறது? டிஸ்மிஸ் செய்வதில்லை. நோய்க்காகச் சிகிச்சை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யலாகாது என்று 1948ம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73வது பிரிவே எழுதி வைத்தது. எனவே தந்திரம் வேறு. "உடம்பைப் பார்த்துக்கொள் அம்மா, வேலை எங்கே ஓடிவிடும்? இதில் ஒரு கையெழுத்துப் போடு, பி.எப். பணம் உடனே வரும்" என்று அன்பாகச் சொல்கிறார்கள். அந்தக் காகிதம் ராஜினாமாக் கடிதம்!

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி, பதினோரு வருஷம் ஒரே மில்லில் உழைத்தவர், இப்படித்தான் கையெழுத்திட்டார். கணவர் கூலி வேலை, இரண்டு பிள்ளைகள். ஊசி மருந்து பாதியில் இருந்தது. பி.எப். பணம் வந்தது, பழைய கடனுக்கே போய்விட்டது. அவர் இழந்தது என்ன என்று கணக்குப் பார்ப்போம்.

நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.யில் நோய் உதவித்தொகை கூலியில் 70 சதவீதம். அதாவது நாளுக்கு 350 ரூபாய். 91 நாளுக்கு 31,850 ரூபாய். அது தீர்ந்ததும் கதவு மூடிவிடுவதில்லை. நீடித்த நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. புற்றுநோய் அதில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வேலை செய்து, கடந்த நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா கட்டியவருக்கு 80 சதவீதம், நாளுக்கு 400 ரூபாய், இரண்டு ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. இது எவரும் போடும் பிச்சையல்ல. 2019 ஜூலை முதல் நம் கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பிடித்து, முதலாளி மூன்றேகால் ரூபாய் சேர்த்துக் கட்டும் பணம்.

சந்தா நின்றால் உரிமையும் தேயும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன்; அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆகவே ராஜினாமாச் செய்த மறுநாளே இடி விழுவதில்லை. சில மாதம் கழித்து, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே விழுகிறது. வேலை எப்போது கையை விட்டுப் போகிறதோ, அப்போதுதான் இன்ஷூரன்ஸ் தேவை. அப்போதே அதுவும் போய்விடுகிறது!

ஆகவே சகோதரிகளே, மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள். முதலாவது, சங்கத்தைக் கேட்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். நோய்க்காகப் பி.எப்.பில் முன்பணம் வாங்க வேலையை விட வேண்டியதே இல்லை. இரண்டாவது, முதல் நாளிலிருந்தே இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட்டை இடைவெளியின்றி வாங்கி, நகலைப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டால், "ஒரு நாள் கூலி போகுமே" என்று ஒத்திப் போடாதீர்கள். ஆரம்பத்தில் கண்டால் சிகிச்சையும் சுருக்கம், செலவும் சுருக்கம், உயிரும் மிஞ்சும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதன் ஆண்டு வருமான வரம்பு 2022ல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ரயிலில் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குச் செல்பவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு. இவற்றை வாங்கித் தருவதும் சங்கத்தின் வேலையே. ஆனால் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டும். வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது. பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையில் தைப்பவளுக்கும், வீட்டு வேலை செய்பவளுக்கும் நோய்க்காலக் கூலி தருவது யார்?

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. 1955ல் நம் கோவையில்தான் தொடங்கியது. 1948 சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. பெயர் மாறியதைக் காட்டி உரிமையைக் குறைக்க எவருக்கும் இடம் தரலாகாது.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. சிகிச்சை தொடங்கிவிட்ட தொழிலாளிக்கு, வேலை போனாலும், சிகிச்சை முடியும் வரை இ.எஸ்.ஐ. நீடிக்க வேண்டும். நோய்க்காலத்தில் வாங்கப்பட்ட ராஜினாமா செல்லாது என்று ஆக்க வேண்டும். திரும்பி வருபவருக்கு இலகுவான வேலை தர வேண்டும். சிறு பட்டறைப் பெண்களுக்கும் நோய்க்காலக் கூலி வேண்டும்.

இக்கோரிக்கைகள் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே ஒவ்வொரு ஷிப்டிலும் விசாரியுங்கள். நோயால் நின்றுபோன சகோதரி யார்? அவர் பெயர் ரிஜிஸ்தரில் இருக்கிறதா? கையெழுத்து வாங்கிவிட்டார்களா? விவரத்தோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள். நோயோடு அவர் போராடட்டும். நிர்வாகத்தோடு நாம் போராடுவோம்!