எல்லா வாசலிலும் விளக்கு எரியணும்

(கார்த்திகை மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



கார்த்திகை தீபம் வந்துவிட்டது. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் ஏற்றும் தீபம் சுத்துப்பட்டு ஊர்களுக்கெல்லாம் தெரியும். நம்ம ராஜபாளையம் பக்கம், அய்யனார் கோவில் மலையடிவார ஊர்களிலும் அன்னைக்கு வாசல்தோறும் அகல் வைக்கிறோம். பிள்ளைகள் சொக்கப்பனை பார்க்க ஓடுகிறார்கள். தெருவே ஒரு குடும்பமாகிறது.

ஆனால் கணவரை இழந்த நம்ம அக்காமார் பலர், "நான் ஏத்தக் கூடாதும்மா" என்று உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். குழுவில் சேமிப்பு, கடன், கையெழுத்து எல்லாவற்றிலும் நாம் சமம். விளக்குக்கு மட்டும் அவர்கள் ஆகாதவர்களா?

இந்த வருஷம் இரண்டு காரியம் செய்வோம்.

முதலாவது, அகல்களைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவோம். 20 பேர், ஆளுக்கு 15 என்றால் 300 அகல். பக்கத்து ஊர் மண்பாண்டத் தொழிலாளியிடமே வாங்குவோம். மழைக்காலத்தில் மண் காயாமல், சூளை போட முடியாமல் கஷ்டப்படும் குடும்பத்துக்கு அது வருமானம். புது அகலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் எண்ணெய் அதிகம் குடிக்காது.

இரண்டாவது, இருட்டாக இருக்கும் வாசலுக்கு நாமே எண்ணெய், திரியோடு போவோம். கோலம் போடுவோம். அந்த அக்கா கையாலேயே முதல் விளக்கை ஏற்றச் சொல்வோம். ஊரில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். நாம் 20 பேர் கூட நின்றால் பேச்சு தானாக அடங்கும்.

விளக்கு ஏத்துற கைக்குத் தாலி தேவையில்லை, நல்ல மனசு போதும்.