நஞ்சைப் பூட்டுவோம், நெஞ்சைத் திறப்போம்!



நஞ்சருந்திய பெண்ணொருத்தி வைத்தியசாலையில் பிழைத்துக்கொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஒரு கேள்வி எழுகிறது. இவளை வீட்டுக்கு அனுப்பலாமா? மீண்டும் சாவைத் தேடுவாளா? இக்கேள்விக்கு விடை காணும் முறை பற்றியே நாம் இன்று பேச விரும்புகிறோம்.

கேள்வித்தாளை நிரப்பி, புள்ளிகளைக் கூட்டி, இவர் 'அதிக ஆபத்து', அவர் 'குறைந்த ஆபத்து' என்று முத்திரையிடும் வழக்கம் பல நாடுகளில் பரவிற்று. அம்முத்திரை பொய்த்தது. அதிக ஆபத்து எனப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொள்வதில்லை; மாண்டவருள் பலர் குறைந்த ஆபத்து எனப்பட்டவர்களே. ஆகவேதான் இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம், தற்கொலையை முன்னறிய இவ்வளவுகோல்களைப் பயன்படுத்த வேண்டாமென 2022இல் அறிவுறுத்தியது.

மனநோயாளி என்றால் வெட்டுவான், குத்துவான் என்று லயத்துக் கதவை அடைக்கிறோமே, அதுவும் பொய் முத்திரைதான். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவோரே மிகுதி. குடிப்பழக்கமும் முன்னர் கைநீட்டிய வரலாறும் நோயின் பெயரைவிட அதிகம் உணர்த்தும்.

பின் என்ன வழி? ஆளை அறிவதே வழி. துயர் யாது, துணை யார், கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு உண்டா, சாக எண்ணினாயா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

ஆனால், தோழர்களே, எந்த மொழியில் கேட்பது? வைத்தியர் தமிழறியாதவர், மொழிபெயர்ப்பவன் கணவன். அவன் அடி பொறுக்காமல் நஞ்சருந்தியவள், அவன் வாய்வழியேயா தன் துயரைச் சொல்வாள்? "ஒன்றுமில்லை ஐயா, சும்மா கோபம்" என்பான் அவன்; அதுவே ஏட்டில் ஏறும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. சட்டப் புத்தகத்தில் ஏறிய தமிழ் நோயாளியின் கட்டிலருகே வர வேண்டாமா?

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். 1984இல் தொடங்கி, கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2015க்குள் அவ்வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர் மதிப்பிட்டனர். நஞ்சருந்தும் பலர் நெடுநாள் திட்டமிடுவதில்லை; சில நிமிடக் கொந்தளிப்பில் கைக்குக் கிட்டியதை எடுக்கிறார்கள். கொடிய நஞ்சு கிட்டாவிடில் அந்நிமிடம் கடக்கிறது, உயிர் நிலைக்கிறது.

ஆகவே நாம் கோருவன இவை. மலையக வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் மனநல ஊழியர் வேண்டும். நோயாளியைத் தனியே வைத்து விசாரிக்க வேண்டும். உறவினர் மொழிபெயர்ப்பாளர் ஆகலாகாது. தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் தெளிக்கும் மருந்து லயத்துக் கூரையில் செருகப்படாமல் பூட்டிய அறையில் இருக்க வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. பொலிசுக்கு அஞ்சி எவரும் மறைக்க வேண்டியதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை லயந்தோறும் எழுதி வைப்போம். கொழுந்துக் கூடையின் பாரத்தை நிறுத்துப் பார்க்கத் தராசு உண்டு. நெஞ்சின் பாரத்தை நிறுக்கத் தராசு இல்லை. பக்கத்தில் அமர்ந்து கேட்டுத்தான் அறிய வேண்டும். கேட்போம், தோழர்களே!