நர்சம்மாவுக்கு சர்வீஸ் எப்போது?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்கு ஆஸ்பத்திரி பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஜெனரேட்டர், லிஃப்ட், ஆக்சிஜன் குழாய் எல்லாம் என் பொறுப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் சர்வீஸ் தேதி உண்டு. இவற்றை வைத்து உயிர் காக்கிற நர்சம்மாவுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், இலவச மருத்துவமனைகளில் சேவை செய்தவர்கள் சோர்ந்து விழுவதைப் பார்த்து, அதை 'பர்ன் அவுட்' என்று எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார். மனசு வற்றிப்போவது ஒன்று. நோயாளியை மனுஷராகப் பார்க்காமல் படுக்கை நம்பராகப் பார்ப்பது இரண்டு. 'நான் செஞ்சு என்ன ஆகப்போகுது' என்ற நினைப்பு மூன்று. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிசெய்யப்படாமல் நாட்பட்ட அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியது.

நாம் வகுப்பில் 'ஃபெடீக்' படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே தடவையில் முறிக்க முடியாத சுமைகூட, திரும்பத் திரும்ப விழுந்தால் ரயில் அச்சையே முறித்துவிடும். ஆனால் இரும்பு தானாக ஆறாது. மனித உடம்பு, இடைவெளி கொடுத்தால் ஆறும்.

அப்படி ஆற உதவுவதில் உடற்பயிற்சியும் ஒன்று. இதைச் சொன்னபோது ஒரு சிஸ்டர் கேட்டார்: "நாள் பூரா நடந்துக்கிட்டுத்தானே சார் இருக்கேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" நியாயமான கேள்வி. ஆனால் வார்டு நடை வேறு, பூங்கா நடை வேறு. வார்டில் வேகம் நம் கையில் இல்லை. மணிக்கணக்கில் நிற்பது, குனிந்து நோயாளியைத் தூக்குவது, நடுவில் ஓய்வில்லாதது, இதெல்லாம் உடம்பைத் தேய்க்கும். நாமே விரும்பி நடக்கும்போது இதயம் கொஞ்ச நேரம் வேகமாக உழைத்து, பிறகு இளைப்பாறுகிறது. மனசு வார்டை விட்டு வெளியே வருகிறது. தூக்கமும் நன்றாக வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். தினம் 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தாலே குறைந்தபட்ச அளவு வந்துவிடும்.

அதற்காக, 12 மணி நேர இரவு டூட்டி முடித்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் உலை வைக்கிறவரிடம் "வாக்கிங் போம்மா" என்று சொல்லலாமா? சோர்ந்தவர்தான் முதலில் பயிற்சியை விடுகிறார். எங்கள் இடத்தில் கார் ஷெட் பக்கம் கிடந்த காலி இடத்தில் விளக்குப் போட்டு, ஷட்டில் ஆடக் கோடு கிழித்தோம். முதல் வாரம் நல்ல கூட்டம். மூன்றாவது வாரம் ஒருவரும் இல்லை. விசாரித்தால், மாற்று ஆள் வர ஒரு மணி நேரம் தாமதம், டூட்டி லிஸ்ட் முதல் நாள் இரவுதான் தெரிகிறது என்றார்கள். லிஸ்டை பத்து நாள் முன்னால் ஒட்டி, மாற்று ஆள் நேரத்துக்கு வர ஏற்பாடு செய்த பிறகுதான் மட்டையின் சத்தம் மறுபடி கேட்டது. கோடு கிழிப்பது சுலபம், நேரம் கொடுப்பதுதான் கஷ்டம்.

நம் சங்கத்தில் மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இதுதான். டூட்டி லிஸ்டை முன்கூட்டியே கொடுங்கள். இரவு டூட்டி முடிந்தவரை மறுபடி அழைக்காதீர்கள். ஆள் பற்றாக்குறையை யோகா வகுப்பால் மூடாதீர்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் அல்லவா? குறைந்த செலவில் நோயாளியைத் தூக்கும் கருவி ஒன்று செய்யுங்கள். பல இடுப்புகள் உங்களை வாழ்த்தும்.

வீட்டில் மனைவியோ, அக்காவோ, தம்பியோ மருத்துவமனையில் வேலை பார்த்தால், அரை மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரை வெளியே அனுப்புங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்?